ஆறாந்தரம் அடித்த சரித்திரம்

கனகரத்தினத்துக்குத் தட்டச்சு மெசினைக் கண்டாலே பற்றிக்கொண்டு வந்தது. திருகோணமலைத் துறைமுகத்துக்கு அப்பாலிருந்த வெள்ளைக்காரரின் விமானத்தளத்தில் அவர் கிளாக்கர். சுதந்திரம் கிடைத்த பின்னும் தளம் அவர்கள் கையில்தான் இருந்தது. யுத்தகாலத்தில் அங்கிருந்து பறந்த சண்டை விமானப் பிரிவின் சரித்திரத்தை எழுதி லண்டனுக்கு அனுப்ப வேண்டுமென்று 1951இல் ஓர் உத்தரவு வந்தது.

முதல் துரை எழுதினார். கனகரத்தினம் எழுபது பக்கம் அடித்தார். துரை மாற்றலாகிப் போனார். அடுத்தவர் சுட்டு விழுத்திய ஜப்பான் விமானங்களின் தொகையைக் கூட்டினார். மூன்றாமவர் குறைத்தார். நாலாமவர் தன் சிநேகிதரின் பெயரை அத்தியாயத்துக்கு அத்தியாயம் நுழைத்தார். ஒவ்வொரு தடவையும் முதல் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும்.

"அவங்கள் சண்டை பிடிச்சது ஒரு நாள். நான் நாலு வருசமா அடிக்கிறன்!" என்று பாலையூற்று வீட்டில் மனைவி கோணேஸ்வரியிடம் வெடித்தார்.

"ஏலாதெண்டு சொல்லுங்கோவன்."

"சொன்னா வேலை போயிடும்."

ஐந்தாந்தரம் அடிக்கையில் தளத்துக் காவல்காரர் ஸைனுலாப்தீன் எட்டிப் பார்த்தார். 1942இல் ஜப்பான் விமானங்கள் தளத்தில் குண்டு போட்ட அன்று ஓடுபாதையோரம் புல் வெட்டிக்கொண்டிருந்தவர் அவர்.

"என்னோட நிண்ட தம்பையாவும் அபூதாஹிரும் அந்த இடத்திலேயே மவுத்தாப் போனாங்க. அது இதில இருக்கா?"

கனகரத்தினம் தேடினார். தளத்து நாயின் பெயர்கூட இருந்தது. அவர்கள் இல்லை.

"கேட்டா அதுக்கும் நாலு மாசம் கதைப்பாங்கள்" என்றவர், கேட்காமலே முப்பத்தொன்றாம் பக்கத்தில் செத்துப்போன அந்த இரு தொழிலாளரின் பெயரையும் சேர்த்துவிட்டார். ஐந்தாவது துரை வாசிக்காமலே கையெழுத்து வைத்தார்.

மூன்று மாதத்தில் லண்டனிலிருந்து கட்டு திரும்பி வந்தது. துரை கூப்பிட்டபோது, முப்பத்தொன்றாம் பக்கம் பிடிபட்டுவிட்டதென்றே கனகரத்தினம் நினைத்தார். கடிதத்தில் ஒரேயொரு குறைதான்: தாளின் இடது ஓரம் அரை அங்குலம் போதாதாம். முழுவதையும் திரும்ப அடிக்க வேண்டும்.

அரை அங்குலம்! பல்லைக் கடித்துக்கொண்டு ஆறாந்தரமும் அடித்து முடித்தார்.

1957இல் தளம் இலங்கை அரசுக்குக் கைமாறியபோது மிஞ்சிய இரண்டு காபன் பிரதிகளையும் எரிக்கச் சொன்னார்கள். அவர் எரிக்கவில்லை. ஒன்றை ஸைனுலாப்தீன் கிண்ணியாவிலிருந்த அபூதாஹிர் வீட்டுக்குக் கொண்டுபோனார். மற்றதைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு கனகரத்தினம் லிங்கநகருக்குப் போய், தம்பையாவின் மகள் பத்மாசனியிடம் கொடுத்தார். இங்கிலிஸ் தெரியாத அவளுக்குத் தகப்பனின் பெயரைத் தொட்டுக் காட்டினார். அவள் அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மற்றப் பக்கங்களில என்ன எழுதிக் கிடக்கு, ஐயா?"

"பிள்ளை, அதை மட்டும் என்னட்டக் கேளாதை" என்றபடி அவர் சைக்கிளை எடுத்தார்.