பெரிய மாப்பிள்ளையும் புது ஸ்டியரிங்கும்

தலை நரைத்த பிறகும் அந்த வீட்டில் அவருக்குப் பெரிய மாப்பிள்ளை என்றுதான் பெயர். மூத்த மகளைக் கட்டியவர். இளையவளைக் கட்டிய சகலை, சின்ன மாப்பிள்ளை. பெரியவர் குடும்பம் கீழே, சின்னவர் குடும்பம் மாடியில், இரண்டுக்கும் பொதுவாக மாமியார். வாசலை ஒட்டிய கொட்டகையில், மாமனார் விட்டுப்போன பழைய கார்.

பெரிய மாப்பிள்ளைக்குச் செருப்புக்கடையில் வேலை. வருகிறவர்களை நாற்காலியில் உட்கார வைத்து, அவர்கள் காலடியில் குந்தி, பாதத்தை அளந்து, செருப்பை மாட்டிவிட்டு, "நடந்து பாருங்க சார்" என்று அண்ணாந்து பார்க்க வேண்டும். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அதே கடை, அதே குந்தல். உலகத்தை அவர் முழங்கால் உயரத்திலிருந்துதான் பார்த்து வந்தார். ஞாயிற்றுக்கிழமை காரில் ஏறி உட்கார்ந்தால் மட்டும் முதுகு தானாக நிமிர்ந்துவிடும்.

காரணம், அந்தக் கார் லேசில் யாருக்கும் பணியாது. ஸ்டியரிங்கை அரைச் சாண் திருப்பின பிறகுதான் சக்கரத்துக்குச் செய்தி போய்ச் சேரும். நேரான ரோட்டிலும் கையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நின்ற இடத்தில் திருப்புவதென்றால் சீட்டிலிருந்து பாதி எழுந்து உடம்பையே போட்டாக வேண்டும். வீட்டில் வேறு யாருக்கும் அது கைவரவில்லை. சகலை ஒருமுறை ஓட்டிப் பார்த்து, தெருமுனையிலேயே இறங்கிச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "பெரிய மாப்பிள்ளை ஓட்டினா நான் கண்ணை மூடிக்கிட்டுத் தூங்குவேன்" என்று மாமியார் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவாள். அந்த ஒரு சொல்லில் அவருக்கு ஒரு வாரம் வயிறு நிறைந்திருக்கும்.

அப்படியிருக்கையில்தான் அவருடைய வலது தோள் இறுகிப்போனது. சட்டை மாட்டக்கூட மனைவி கையைப் பிடிக்க வேண்டியிருந்தது. ஸ்டியரிங்கைத் தொடவே கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். கார் கொட்டகையில் தூசி குடித்துக்கொண்டு நின்றது.

ஒருநாள் சாயங்காலம் சகலை மாடியிலிருந்து இறங்கி வந்தார். அவர் லிஃப்ட் மெக்கானிக். எதைக் கண்டாலும் கழற்றிப் பார்க்கிற கை.

"அண்ணே, அந்தப் பழைய ஸ்டியரிங் பாக்ஸைத் தூக்கிட்டு ராக் அண்ட் பினியன் வச்சிடலாமா? புது வண்டியில எல்லாம் அதுதான். ஒரு விரல்ல திரும்பும். உங்க தோளுக்கும் சிரமம் இல்ல."

தோளைச் சொல்லி வாயை அடைத்துவிட்டாரே மனுஷன். "உன் இஷ்டம் தம்பி" என்றார் பெரிய மாப்பிள்ளை. சொன்ன நிமிஷத்திலேயே உள்ளே ஏதோ புகைய ஆரம்பித்துவிட்டது.

பழைய உதிரிபாகக் கடையிலிருந்து, மோதி நொறுங்கின ஒரு சின்னக் காரின் ராக்கை சகலை வாங்கி வந்தார். பல் வெட்டிய ஒரு நீளக் கம்பி, அதன்மேல் கடிக்கிற ஒரு குட்டிப் பல்சக்கரம், அவ்வளவுதான். சக்கரம் உருண்டால் கம்பி பக்கவாட்டில் நகரும், கம்பி நகர்ந்தால் டயர் திரும்பும். இதற்காகப் பழைய பாக்ஸையும், அதோடு சேர்ந்த அரை டஜன் கை கால்களையும் கழற்றிக் கொட்டகை மூலையில் குவித்தார். பெரிய மாப்பிள்ளைக்குத் தன் சொந்த எலும்பைக் குவித்து வைத்த மாதிரி இருந்தது.

வேலை நடந்த ஞாயிற்றுக்கிழமைகளில் வீடே கொட்டகைக்கு இடம் மாறிவிட்டது. மாமியார் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். கொழுந்தியாள் டீ கொண்டுவந்தாள். அது கூடப் பரவாயில்லை, அவருடைய மனைவியே தங்கை வீட்டுக்காரருக்கு டார்ச் பிடித்தாள். "எவ்வளவு பொறுமையா பண்றாரு பாருங்க" என்று அவரிடமே சொன்னாள். வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சுவது என்பது அதுதான்.

முதல் தடவை ராக்கை இரண்டு விரல்கடை தாழ்வாகப் பொருத்திவிட்டார் சகலை. ஓட்டிப் பார்த்தபோது, ஒவ்வொரு பள்ளத்திலும் கார் தானாக முகத்தைத் திருப்பிக்கொண்டது. பெரிய மாப்பிள்ளைக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி ஆயிற்று. "அந்தக் காலத்துல கட்டினவன் முட்டாளா தம்பி? அதுக்குன்னு ஒரு கணக்கு இருக்கும்ல" என்று முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டு சொன்னார். அன்றைக்கு ராத்திரி நன்றாகச் சாப்பிட்டார்.

சகலை அசரவில்லை. ராக்கைப் பிடித்திருந்த தாங்கியை வெட்டி எடுத்தார், சக்கரம் மேலே ஏறும்போதும் கீழே இறங்கும்போதும் கம்பி எந்த வளைவில் போகிறது என்று நூல் பிடித்துப் பார்த்தார், மேலே ஏற்றி மறுபடி வெல்டிங் வைத்தார். கார் முகம் திருப்புவதை நிறுத்தியது. பெரிய மாப்பிள்ளையின் சாப்பாடும் பழையபடி குறைந்தது.

கடைசி நாள். சகலை காருக்கு அடியில் படுத்திருந்தார். ஸ்டியரிங் தண்டையும் ராக்கையும் இணைக்கிற முட்டி, என்ஜின் பக்கம் மேலே இருந்தது.

"அண்ணே, அந்த முட்டியில ஒரு போல்ட் இருக்கு பாருங்க. அதை மட்டும் இறுக்கி, பொட்டு வச்சிடுங்களேன்."

இறுக்கிய ஒவ்வொரு போல்ட்டின் தலையிலும் வெள்ளைப் பெயின்ட்டில் கடுகளவு பொட்டு வைப்பது சகலையின் வழக்கம். எது முடிந்தது, எது பாக்கி என்று பார்த்தவுடன் தெரியும். பெரிய மாப்பிள்ளை ஸ்பேனரைப் போட்டார். பாதிச் சுற்றிலேயே தோளில் ஊசி குத்தியது. இன்னும் கொஞ்சம் போகுமா போகாதா என்று தெரியவில்லை. கை வரவில்லை என்று சொல்ல நாக்கு எழவில்லை. பெயின்ட்டைத் தொட்டு, தாராளமாக ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, "ஆச்சு தம்பி" என்றார். அதோடு அதை மறந்தும் போனார்.

பிறகு என்ன, ஊரே ஓட்டியது. சகலை ஓட்டினார். கொழுந்தியாள் ஓட்டினாள். அவருடைய மனைவி, சைக்கிள்கூடத் தொடாதவள், பக்கத்து மைதானத்தில் எட்டுப் போட்டுவிட்டு வந்து, "ஏங்க, இதுக்கா இத்தனை வருஷம் அப்படி மல்லுக்கட்டினீங்க?" என்று சிரித்தாள். மாமியார் முன்சீட்டில் ஒரு சுற்றுப் போய் வந்து சொன்னாள்: "சின்ன மாப்பிள்ளை ஓட்டினா தூங்கவே தோணல. வேடிக்கை பாக்கணும் போல இருக்கு."

அதுதான் தாங்கவில்லை. அப்படியானால் இத்தனை வருஷம் கிழவி பயத்திலா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்? அன்றிரவு புரண்டு புரண்டு படுத்தார்.

மறுவாரம் எல்லோரும் மலைமேல் இருக்கிற உறவுக்காரர் வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. சகலைதான் ஓட்டுவது. காலையில் பைகளை எல்லாம் ஏற்றியாகிவிட்டது. சகலை சீட்டில் உட்கார்ந்து, ஒரே ஒரு விரலால், விளையாட்டுப் போல, ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டிருந்தார். பெரிய மாப்பிள்ளை அந்த விரலையே பார்த்தார்.

"நிறுத்து தம்பி. ஏதோ சத்தம் வருது."

"சத்தமா? எனக்குக் கேக்கலையே அண்ணே."

"உனக்கு எப்படிக் கேக்கும்? இத்தனை வருஷம் ஓட்டினவன் நான். டக்குனு ஒண்ணு. திருப்பும்போது."

ஒரு சத்தமும் இல்லை. அவருக்கே தெரியும். அரைமணி நேரம் தாமதமாகட்டும், எல்லோரும் வெயிலில் நிற்கட்டும், "என்ன பண்ணி வச்சிருக்கீங்க" என்று யாராவது ஒரு வார்த்தை சின்னவரைக் கேட்கட்டும். அவ்வளவுதான் அவர் வேண்டியது.

"அத்தான், போயிட்டு வந்து பாத்துக்கலாமே" என்றாள் கொழுந்தியாள். ஆனால் சகலை இறங்கிவிட்டார். லிஃப்ட்டில் வேலை செய்கிறவனுக்குச் சத்தம் என்றால் விளையாட்டில்லை. பானெட்டைத் திறந்து, ஒவ்வொரு போல்ட்டாகத் தொட்டுக்கொண்டே போனார். மேல் முட்டிக்கு வந்ததும் கை நின்றது. விரலாலேயே அந்த போல்ட்டைச் சுற்றினார். சுற்றியது. இன்னும் இரண்டு சுற்றில் கையோடு வந்திருக்கும். மலை வளைவில் தண்டு முட்டியிலிருந்து நழுவியிருந்தால், ஸ்டியரிங் ஒருபக்கம், சக்கரம் ஒருபக்கம்.

பெரிய மாப்பிள்ளை எட்டிப் பார்த்தார். போல்ட்டின் தலையில் வெள்ளைப் பெயின்ட். கடுகளவுப் பொட்டு இல்லை, பட்டையாக ஒரு இழுப்பு. அவர் கையே இழுத்தது.

சகலையும் அதைத்தான் பார்த்தார். ஒரு நொடி. பிறகு மண்ணெண்ணெயில் நனைத்த துணியை எடுத்து, அந்தப் பெயின்ட்டைச் சுத்தமாகத் துடைத்தார். போல்ட்டைக் கழற்றிப் புதிதாக ஒன்று போட்டு இறுக்கினார். பானெட்டை மூடிவிட்டு எல்லோரையும் பார்த்துச் சொன்னார்:

"தப்பு என்னுது. ஒரு போல்ட்டைச் சரியா பாக்காம விட்டுட்டேன். அண்ணன் காது மட்டும் இல்லைன்னா இன்னிக்கு நம்ம கதை கந்தல்."

மாமியார் இரண்டு கைகளாலும் பெரிய மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கொழுந்தியாள், "அத்தான், நான் வேற குறுக்கால பேசிட்டேன்" என்றாள். வாயைத் திறந்து உண்மையைச் சொல்ல அவருக்கு அந்த இடத்தில் ஒரு வாய்ப்பு இருந்தது. அது அவரைத் தாண்டிப் போனது. மலைக்குப் போகிற வழி முழுவதும் முன்சீட்டில் உட்காரவைத்து மரியாதை செய்தார்கள். ஒவ்வொரு வளைவிலும் அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

அன்றிரவு வீடு திரும்பியதும் மனைவியிடம் மட்டும் சொன்னார். சத்தம் பொய், போல்ட் தன்னுடையது, இரண்டையும்.

"சத்தம் பொய்னு எனக்குத் தெரியும்" என்றாள் அவள். "தலைமாட்டுல அலாரம் அடிச்சாலே உங்களுக்குக் கேக்காது. போல்ட்தான் இப்ப தெரியுது."

"அவன் துடைச்சான்டி. தெரிஞ்சே துடைச்சான். திட்டியிருந்தா நிம்மதியா இருந்திருக்கும். கைதான் அப்படின்னா, மனசும் அவனுக்குப் பெருசா இருக்கணுமா? எனக்குன்னு ஒண்ணாவது மிச்சம் வைக்கக் கூடாதா?"

"அடப்பாவி மனுஷா. இதுக்குமா பொறாமை?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு, "காலையில போய் அவர்கிட்ட ஒரு வார்த்தை பேசிடுங்க" என்றாள்.

காலையில் மாடிப்படியில் பாதி ஏறினார். எதிரே சகலை வேலைக்கு இறங்கி வந்தார்.

"தம்பி, அந்த போல்ட்டு..."

"உங்க தோள் அப்படி இருக்கும்போது இறுக்கச் சொன்னது என் புத்தி அண்ணே. விடுங்க." போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதற்கு மேல் அந்தப் பேச்சு அந்த வீட்டில் எழவில்லை.

ஆனால் காது விஷயமும், ஒரு விரலில் திரும்புகிற கார் விஷயமும் வெளியே பரவிவிட்டன. மாமியாரின் வாய் சும்மா இருக்குமா? பழைய கார் வைத்திருக்கிறவர்கள் ஒவ்வொருவராகச் சகலையைத் தேடி வர ஆரம்பித்தார்கள். அவர்களுடைய வண்டிக்கும் இதே மாதிரி ராக் வைத்துத் தர வேண்டுமாம். சகலை எல்லோரிடமும் ஒரே நிபந்தனைதான் சொன்னார்: "முடிச்ச பிறகு எங்க அண்ணன் ஓட்டிப் பாப்பாரு. அவர் சரின்னு சொன்னாத்தான் சாவி."

பெரிய மாப்பிள்ளை ஆடிப்போனார். கேட்காத காதை வைத்துக்கொண்டு எதைக் கேட்பது? தோள் இதற்குள் மெல்ல மெல்ல இளகியிருந்தது. முதல் வண்டி முடிந்த அன்று, ஓட்டுவதற்கு முன்னால் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு, பொட்டு வைத்த போல்ட், வைக்காத போல்ட் எல்லாவற்றையும் இரண்டு கையாலும் தானே ஒருமுறை இறுக்கிப் பார்த்தார். பிறகுதான் சீட்டில் ஏறினார். எல்லா வண்டிக்கும் அதுவே வழக்கமாயிற்று. அவர் ஏதோ நுட்பமாகக் கேட்கிறார் என்று வண்டிக்காரர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அவர் பயத்தில் வாயை மூடியிருப்பார், அது ஞானம் மாதிரி தெரியும்.

போன மாதம் ஒரு பல் டாக்டரின் கார் வந்தது. பெரிய மாப்பிள்ளை தெருவைச் சுற்றி ஓட்டிவிட்டு வந்து இறங்கினார். முகம் கறுத்திருந்தது. டாக்டர் பயந்துபோய், "ஏதாவது சத்தமா?" என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்ல. எடுத்துட்டுப் போங்க."

கார் தெருமுனை தாண்டின பிறகு சகலையைக் கொட்டகைக்குள் இழுத்துக்கொண்டு போனார்.

"ஏன் தம்பி, அந்த ஆளுக்கு மட்டும் ஏன் இவ்வளவு நல்லா பண்ணின? வெண்ணெய் மாதிரி திரும்புது. திருப்பி விட்டா தானா நேருக்கு வருது. நம்மளுது அப்படியா வருது?"

சகலை சிரித்துவிட்டார். "நம்மளுது முதல் வண்டி அண்ணே. அதுல தப்புப் பண்ணித்தானே கத்துக்கிட்டேன்."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. பல்லு புடுங்கறவனுக்கு ஒண்ணு, நமக்கு ஒண்ணா?" பெரிய மாப்பிள்ளை சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "ஜாக்கியை எடு. கழட்டு."