ஏழுமலை அண்ணன் காத்திருந்த கேம்

ஏழுமலை அண்ணன் இறந்துவிட்டார். புதூர்நாட்டு மலைப்பாதையில் ஆள் ஏற்றிப் போகும் ஜீப்பின் டிரைவர். நேற்று காலை நெஞ்சுவலி… திருப்பத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது.

அவர் ஜீப்பில் தினமும் வரும் பழனியம்மா அக்காதான் போனில் சொன்னார். டவர் வளைவில் நின்று பேசுகிறேன் என்றார்.

மலை ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியனாக வேலை பார்த்தபோது எனக்கும் அந்த ஜீப்தான். இப்போது மாற்றலாகி வேலூரில் இருக்கிறேன்.

டவர் வளைவு என்றால், மலைப்பாதையில் ஒழுங்காக சிக்னல் கிடைக்கும் ஒரு திருப்பம். யாரும் கேட்காமலே ஜீப் அங்கே நிற்கும். எல்லோரும் போனை எடுத்து மகனிடம், மகளிடம், புளி வியாபாரியிடம் பேசி முடிப்பார்கள்.

அண்ணன் மட்டும் ஸ்டியரிங் மேல் போனைச் சாய்த்து வைத்து ட்ரெய்லர் பார்ப்பார். வரப்போகும் ஒரு கம்ப்யூட்டர் ஸ்பேஸ் கேம். ஓப்பன் வேர்ல்டு ஆர்பிஜி. கதையில் ஒரு ஆளாகவே மாறி, நாமே விண்கப்பலை ஓட்டிப் போய் எந்தக் கிரகத்திலும் இறங்கலாம் என்று ஆசை காட்டிக்கொண்டிருந்தார்கள்.

முதல் நாள் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "அண்ணா, நானும் இதுக்குத்தான் வெயிட்டிங்" என்றேன். திரும்பிப் பார்த்தவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அன்றிலிருந்து முன் சீட் எனக்கு.

பிறகு தினமும் சண்டைதான். எனக்குக் கதை நன்றாக இருக்க வேண்டும், கேமில் கூட வரும் ஆட்கள் நாம் செய்ததை ஞாபகம் வைத்துப் பேச வேண்டும். அவருக்கு அதெல்லாம் அப்புறம்.

"லோடிங் ஸ்க்ரீன் இருக்கக் கூடாதும்மா. தரையிலேர்ந்து கெளம்புனா போய்ச் சேர்ற வரைக்கும் நானே ஓட்டணும். நடுவுல கண்ண மூடிக்கோ, ஊர் வந்துடுச்சுன்னா… அதுக்கு இன்னாத்துக்கு டிரைவரு?"

"இத்தன கிரகம் வெச்சா பாதி காலியாத்தான் இருக்கும்ண்ணா."

"இருக்கட்டுமே, இன்னா இப்போ? வண்டிய நிறுத்திட்டு சும்மா பாத்துட்டு வர்றேன்."

அவர் வீட்டுப் பழைய கம்ப்யூட்டரில் அந்த கேம் ஓடாது என்று இருவருக்கும் தெரியும். அதைப் பற்றி மட்டும் நாங்கள் பேசியதே இல்லை.

இதையெல்லாம் பின்சீட்டில் கேட்டுக்கொண்டே வந்த பழனியம்மா அக்கா ஒருநாள் பயந்துபோய்க் கேட்டார். "ஏம்ப்பா, அந்த ஊர்லயே வண்டி ஓட்டப் போறியா? அப்ப எங்கள யாரு ஏத்திக்கினு போவாங்க?"

மலையிலிருந்து பெங்களூருக்கு வேலைக்குக் கிளம்புகிற மாதிரி இவரும் எங்கோ போகப்போகிறார் என்று நினைத்துவிட்டார், பாவம். ஜீப்பே சிரித்தது. அண்ணன் மட்டும் பொறுமையாக, "அந்த ஊர் இன்னும் தெறக்கலக்கா. தெறந்தா உங்களையும் ஏத்திக்கினுதான் போவேன்" என்றார்.

அதன்பிறகு ஜீப் முழுக்க அதே பேச்சு. அங்கே மழை பெய்யுமா, சாமை விளையுமா, பஸ் உண்டா… அண்ணன் ஒவ்வொன்றையும் ட்ரெய்லரில் தேடிப் பார்த்துப் பதில் சொல்வார்.

மழை மட்டும் எந்த ட்ரெய்லரிலும் இல்லை. "வரட்டும்க்கா, எறங்கிப் பாத்துட்டு சொல்றேன்" என்று அதைத் தள்ளி வைத்திருந்தார்.

கேமின் ரிலீஸையும் தள்ளி வைத்தார்கள். பிறகு இன்னொரு முறை. நான் கமெண்ட்டில் போய்க் கண்டபடி திட்டிவிட்டு வந்தேன்.

அவருக்குக் கோபமே இல்லை. "நல்லா செஞ்சி குடுக்கட்டும்மா. நாம எங்க போய்டப் போறோம்?"

நேற்றிலிருந்து இதுதான் காதில் ஓடிக்கொண்டே இருக்கிறது… தாங்க முடியவில்லை.

எல்லாம் சொல்லி முடித்த பிறகும் பழனியம்மா அக்கா போனை வைக்கவில்லை.

"ஏம்மா, அந்த ஊர தெறந்துட்டாங்களா?"

"இல்லக்கா. இன்னும் வர்ல."

சிக்னல் போய்விட்டது என்று நினைத்தேன்.

"அப்ப இவன் இன்னாத்துக்கு அதுக்குள்ள கெளம்புனான்?"

போய்ட்டு வாங்கண்ணா. முன் சீட்டுக்கு ரொம்ப தேங்க்ஸ்.

கேம் வந்ததும் இறங்கிப் பார்க்கிறேன். மழை பெய்கிறதா என்று, ஜீப் டவர் வளைவில் நிற்கும் நேரம் பார்த்து அக்காவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிடுகிறேன்.