கமலா திட்டிய வசனங்கள்

புதன்கிழமை காலை, டப்பிங் அரங்கில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது கமலாவின் எதிர் வீட்டுச் சாவித்திரம்மாவின் அழைப்பு வந்தது. ரெக்கார்டிங் நடக்கும்போது நான் போனை எடுப்பதில்லை. விடாமல் அடித்ததால் வெளியே வந்து எடுத்தேன். “மல்லிகா, கமலா ஹோக்பிட்ரு” என்றார். கன்னடத்தில் பேசுவதைத் தமிழில் எழுதுவதுதான் இத்தனை வருடமாக என் பிழைப்பு. ‘போய்விட்டாள்’ என்கிற அந்த ஒரு சொல்லை மட்டும் மனசு தமிழில் வாங்கிக்கொள்ள மறுத்தது. எங்கே போனாள், கடைக்கா என்றுகூடக் கேட்டுவிட்டேன். காபி குடித்துவிட்டு நெஞ்சை அடைக்கிறது என்று உட்கார்ந்தவள், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டாளாம்.

தொம்மலூரில் அவள் வீட்டுச் சனிக்கிழமைகளுக்கு வந்து போனவர்களுக்குக் கமலாவை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. வராதவர்களுக்காகச் சொல்கிறேன். அரசாங்க உத்தியோகத்துக்காகத் தாத்தா காலத்திலேயே பெங்களூருக்கு வந்துவிட்ட குடும்பம். இவளும் மாநில அரசு அலுவலகம் ஒன்றில் சூப்பரின்டெண்டாக இருந்து ஓய்வு பெற்றாள். நானும் அவளும் கல்லூரியில் ஒரே வகுப்பு. என்னைவிடச் சில மாதங்கள்தான் மூத்தவள். ஆனால் அதை வைத்துக்கொண்டு அவள் பண்ணிய அதிகாரம் இருக்கிறதே, அப்பப்பா! படித்தவர்கள் பலர் சீரியல் பார்ப்பதை ஒளித்துப் பார்ப்பார்கள். கமலா ஆபீஸ் லஞ்ச் நேரத்திலேயே முந்தின நாள் எபிசோடை எடுத்து வைத்து அலசுவாள். அவளுடைய மேலதிகாரி ஒருவர் கிண்டல் செய்தாராம். “நீங்க கிரிக்கெட் பாக்குறப்ப நான் சிரிச்சேனா சார்?” என்று கேட்டிருக்கிறாள்.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் மற்றது புரியாது. கன்னடத் தொடர்களைத் தமிழில் மாற்றி ஒளிபரப்புகிறார்கள் அல்லவா, அவற்றுக்கு வசனம் எழுதுகிறேன். நடிகர் வாய் அசைகிற நேரத்துக்குள் தமிழ் அடங்க வேண்டும். டைட்டிலில் கதாசிரியர் பெயர் வரும், இயக்குநர் பெயர் வரும், பூச்செண்டு கொடுத்து உதவியவர் பெயர்கூட வரும். என் பெயர் வராது. நான் செய்வது எழுத்தா, அல்லது அடுத்தவர் வாய்க்கு அளவெடுத்துத் தைத்துக் கொடுக்கிற வேலையா? இது எனக்கே தெரியாமல் பல வருடம் உறுத்திக்கொண்டிருந்தது. யாரிடம் போய்க் கேட்பது?

ஒருநாள் என் பையன் கல்யாணப் பத்திரிகை கொடுக்க நீலசந்திராவிலிருந்து ஆட்டோ பிடித்துக் கமலா வீட்டுக்குப் போனேன். மாடிப்படி ஏறும்போதே சத்தம். கமலாவும் எதிர் வீட்டுச் சாவித்திரம்மாவும் அவரவர் வாசலில் நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். சாவித்திரம்மா ஒரு தொடரைக் கன்னடத்தில் பார்ப்பவர். கமலா அதையே தமிழில் பார்ப்பவள். அந்தத் தொடரில் வரும் மாமியார் நல்லவளா கெட்டவளா என்பதுதான் விவகாரம். “பாப்ப, ஒள்ளே ஹெங்கசு அவளு” என்று சாவித்திரம்மா பரிந்து பேசினார். “நல்ல பொம்பளையா? ராட்சசி!” என்றாள் கமலா. ஒரே நடிகை, ஒரே காட்சி, இரண்டு தீர்ப்பு. கடைசியில் மூன்று பேரும் உள்ளே போய், மாமியார் மருமகளிடம் வீட்டுச் சாவியைக் கொடுக்கும் காட்சியைக் கன்னடத்தில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை போட்டுப் பார்த்தோம். கன்னடத்தில் அந்த அம்மாள் களைத்துப்போய், “என்னால முடியலம்மா, நீயே வெச்சுக்கோ” என்ற பொருளில் ஏதோ சொல்கிறாள். தமிழில், “இந்தா, இந்த வீட்டை இனிமே நீயே ஆண்டுக்கோ” என்கிறாள்.

கமலா டிவியை அணைத்தாள். “யாரோ இந்த மாமியாரைக் கெடுத்து வெச்சிருக்காங்க. எழுதினவங்க கையை ஒடிக்கணும்” என்றாள். அதை எழுதுவது நான்தான் என்று அதுவரை அவளிடம் சொன்னதில்லை. கையை நீட்டினேன். “இந்தா, ஒடி.”

நான் கொண்டுபோன கல்யாணப் பத்திரிகையைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள். மன்னிப்பாவது, சங்கடமாவது! “நல்லதாப் போச்சு, ஆளைத் தேடி அலைய வேணாம். சனிக்கிழமை மத்தியானம் வந்துடு” என்றாள். அப்படித்தான் எங்கள் சபை ஆரம்பித்தது. பையன் கல்யாணத்துக்கு வந்தபோதும் பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து அந்தச் சாவியைப் பற்றியே பேசினாள்.

சபையில் நாங்கள் மூவரும், பொம்மனஹள்ளியிலிருந்து ரவியும். ரவி திருவண்ணாமலைப் பிள்ளை, கமலாவின் மகனோடு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை செய்கிறவர். சாப்பிட வந்தவர் மாட்டிக்கொண்டார். முதலில் கன்னடம், பிறகு தமிழ், பிறகு டிவியை அணைத்துவிட்டுப் பேச்சு. கமலா வைத்த சட்டம் ஒன்றே ஒன்று: காட்சியில் என்ன நடந்தது என்பதை முதலில் சொல்ல வேண்டும், அதற்குப் பிறகுதான் கருத்து. முதல் நாள் ரவி, “செம லேக்குக்கா, ஒரே இழுவை” என்று ஆரம்பித்தார்.

“லேக்கு கெடக்கட்டும். யாரு எங்க நின்னா? என்ன கேட்டா? என்ன கெடச்சுது? அதைச் சொல்லு.”

ரவி யோசித்தார். வக்கீல் வந்தார் என்றார், எதற்கு வந்தார் என்று சொல்லத் தெரியவில்லை. மருமகள் அழுதாள் என்றார், வக்கீல் வருவதற்கு முன்பா பின்பா என்பது நினைவில்லை. “நீ பாக்கவே இல்லியே, எப்படி போரடிச்சுது?” என்று கேட்டாள் கமலா. நாங்கள் சிரித்ததில் ரவியின் காது சிவந்துவிட்டது. இப்போது ஆபீஸ் மீட்டிங்கில் யாராவது ‘சரியில்லை’ என்று சொன்னால் ரவி அதே கேள்வியைக் கேட்கிறாராம். “பிடிச்சுதா பிடிக்கலையான்னு நாக்கு சொல்லும். என்ன நடந்துச்சுன்னு கண்ணுதான் சொல்லணும்” என்பாள் கமலா.

இப்படிச் சொல்வதால் அவளை ஏதோ நீதிபதி என்று நினைத்துவிடாதீர்கள். தாடி வைத்த கதாநாயகன் யாரையும் அவளுக்குப் பிடிக்காது, அதற்குக் காரணமும் கிடையாது. சீரியலில் ஒருத்தியைக் காட்டி, அடுத்த வாரம் இவள் செத்துவிடுவாள் என்று அடித்துச் சொல்வாள். அந்தப் பாத்திரம் குழந்தை பெற்று, காதுகுத்தும் வைக்கும். மட்டமான அழுகைக் காட்சி வந்தால் “அடுப்புல பால் வெச்சேன்” என்று எழுந்து போய்விடுவாள். பாலும் கிடையாது, ஒன்றும் கிடையாது. மூக்கைச் சிந்தும் சத்தம் கூடம் வரைக்கும் கேட்கும்.

எங்களுக்குள் பெரிய சண்டை வந்தது முதுகால். டப்பிங் எழுதுகிறவர்களுக்கு ஒரு சபலம் உண்டு. நடிகரின் முகம் தெரியும்போது வாயசைவு எங்களைக் கட்டிப்போடும். அவர் திரும்பி முதுகைக் காட்டினால் கட்டு அவிழ்ந்தது! வாய் தெரியாததால் என்ன வேண்டுமானாலும் பேச வைக்கலாம். சொல்லாமல் விட்டது, விளக்க நினைத்தது, இரண்டு சொட்டுக் கண்ணீர் எல்லாவற்றையும் அந்த முதுகில் ஏற்றிவிடுவோம். பார்க்கிறவர்கள் யாரும் கண்டுபிடித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. கமலா கண்டுபிடித்தாள்.

“கன்னடத்துல அந்தாளு திரும்பி நின்னு சும்மா ஜன்னலைப் பாக்குறான். உன் தமிழ்ல ஜன்னலுக்கு லெக்சர் குடுக்குறான். மூஞ்சி தெரியாத எடத்துலயெல்லாம் உன் கை நீளுது மல்லிகா. முதுகு வசனம்!”

சுருக்கென்றது. “மாசம் பொறந்தா உனக்குப் பென்ஷன் வருது, பேசுவ. நான் ராத்திரி பகலா எழுதிக் குடுக்கணும். டப்பிங் வசனத்தையெல்லாம் யாருடி இவ்ளோ நோண்டுவாங்க? டைட்டில்ல என் பேர்கூட வராது!” என்று கத்திவிட்டேன்.

அவள் குரலை உயர்த்தவில்லை. “பேரு வரலன்னா எப்படி வேணா எழுதலாமா?”

பஜ்ஜியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினேன். சாவித்திரம்மா படி வரை ஓடி வந்து, “கோப பேடா மல்லிகா, ஊட்டா மாடிக்கொண்டு போம்மா” என்று, கோபம் வேண்டாம், சாப்பிட்டுவிட்டுப் போ எனக் கன்னடமும் தமிழுமாகக் கெஞ்சினார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த சனிக்கிழமையும் போகவில்லை. அந்தப் புண்ணியவதி சமாதானமா பேசினாள்? தினமும் தொடர் முடிந்ததும் போன் செய்வாள். “இன்னிக்கு மூணு முதுகு” என்பாள், வைத்துவிடுவாள். மறுநாள், “இன்னிக்கு ரெண்டு.” அதற்கு மறுநாளும் அப்படியே. எரிச்சல் பொறுக்காமல் நானே என் வசனங்களை எடுத்துப் பார்த்தேன். அவள் எண்ணிக்கையில் ஒன்று விட்டுப்போயிருந்தது. அதைச் சொல்லத்தான் அதற்கடுத்த சனிக்கிழமை போனேன். “வா, எனக்கும் சந்தேகமாத்தான் இருந்துச்சு” என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

அதற்கப்புறம் அந்தத் தொடரில் ஒரு காட்சி வந்தது. வீட்டை விட்டுப்போன மகள் எத்தனையோ நாள் கழித்துத் திரும்பி வந்து கதவைத் தட்டுகிறாள். அம்மா திறக்கிறாள், பார்க்கிறாள், ஒன்றும் சொல்லாமல் திரும்பிச் சமையலறைக்குப் போகிறாள். நீளமான முதுகு. எனக்கு அல்வா மாதிரி இடம். டப்பிங் பொறுப்பாளர், “இங்க அம்மா பொலம்பணும் மேடம்” என்றார். நான் எதுவும் எழுத மாட்டேன் என்றேன். அவர் மோசமான மனிதர் இல்லை. தம் பக்க நியாயத்தைச் சொன்னார். “பாதி பேர் சமையல் பண்ணிக்கிட்டே காதாலதான் சீரியல் பாக்குறாங்க. சத்தம் இல்லன்னா சேனலை மாத்திடுவாங்க.” அப்படியும் நான் மறுத்தேன். தொடரை வேறு ஆளிடம் கொடுக்க வேண்டியிருக்கும் என்றார். அந்த ஒரு தொடரில்தான் அப்போது என் குடும்பம் ஓடிக்கொண்டிருந்தது. “குடுத்துக்கோங்க. ஆனா அந்த அம்மா வாயைத் தொறக்கக் கூடாது” என்றேன். என் வாயிலிருந்தா அது வந்தது என்று எனக்கே ஆச்சரியம். அவர் தலையைச் சொறிந்துகொண்டு போனார். காட்சி வசனமில்லாமலே ஒளிபரப்பானது. தொடரும் என்னிடமே இருந்தது.

சனிக்கிழமை நால்வரும் பார்த்தோம். டிவியை அணைத்ததும் எல்லோரும் கமலாவைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன்.

“பொண்ணு கதவைத் தட்டினா. அம்மா தொறந்தா. பாத்தா. திரும்பி உள்ள போனா. தட்டு எடுத்து வெச்சா” என்றாள் கமலா. அவ்வளவுதான்.

ரவிக்குப் பொறுக்கவில்லை. “நல்லா இருந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா! அதுக்காக இவங்க வேலையே போயிருக்கும்.”

“நடந்ததுக்கு மேல ஒண்ணும் சொல்றதுக்கு இல்லடா. மல்லிகா ஒண்ணும் மிச்சம் வெக்கல” என்றவள், அடுத்த காட்சியில் நான் எழுதிய தாத்தாவின் வசனத்தை எடுத்துக்கொண்டு நார்நாராகக் கிழித்தாள். எனக்கு மகா கோபம். இத்தனை வருடப் பழக்கத்தில் அவள் என் வசனத்தை ‘நன்றாக இருக்கிறது’ என்று சொன்னதே கிடையாது. ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தால் என்ன, முத்தா உதிர்ந்துவிடும்? ஆனாலும் வீட்டுக்கு வந்தபோது நான் நிமிர்ந்துதான் நடந்தேன். என் எழுத்தைச் சொல் சொல்லாகப் பார்த்துத் திட்டுவதற்கு ஓர் ஆள் இருந்தாள். இந்தத் தொழிலில் வேறு யாருக்கு அப்படி வாய்த்தது, சொல்லுங்கள்!

புதன்கிழமை மத்தியானம் அவளைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். சாவித்திரம்மா கமலாவின் காலடியை விட்டு நகரவில்லை. ரவி வாசலில் வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் சுவரோரமாக உட்கார்ந்தேன். பக்கத்தில் கமலாவின் சித்தி, கண்பார்வை மங்கிப்போனவர், ஒரு மாதமாக இங்கேதான் தங்கியிருக்கிறாராம். கமலாவின் மருமகள் ஹேமா குனிந்து, “பாட்டி, இவங்கதான் மல்லிகா ஆன்ட்டி, அத்தையோட ஃப்ரெண்டு” என்றாள்.

சித்தி என் கையைத் தடவிப் பிடித்தார். “தமிழ் வசனம் மல்லிகாவா?”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. “டிவியில தெனம் உன் பேரு வருதே கண்ணு” என்றார் சித்தி.

வருவதில்லையே என்று ஹேமாவைப் பார்த்தேன். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அது அத்தை ஆன்ட்டி. டைட்டில்ல கடைசிப் பேரு போனதும் சத்தமா சொல்லுவாங்க, ‘தமிழ் வசனம், மல்லிகா’ன்னு. தெனமும். அதைச் சொல்லி முடிக்கிற வரைக்கும் நாங்க யாரும் வாயைத் தொறக்கக் கூடாது. வீட்டுக்கு யார் வந்திருந்தாலும் சொல்லுவாங்க, கேஸ் சிலிண்டர் போட வந்தவர் முன்னாடிகூடச் சொன்னாங்க. பாட்டிக்கு எழுத்து கண்ணுக்குத் தெரியலியா, டிவியே சொல்லுதுன்னு நெனச்சுக்கிட்டாங்க.”

அதன் பிறகு நான் அழுததை அங்கிருந்தவர்கள் பார்த்திருக்கிறார்கள், அதை எழுத வேண்டாம். சனிக்கிழமைகளில் என்னை அப்படிக் கிழித்தவள், ஒருநாளாவது இதை என்னிடம் சொல்லியிருக்கிறாளா பாருங்கள். அழுத்தக்காரி!

கமலாவிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது இதைத்தான். என்ன வேலை செய்கிறீர்கள் என்று யாராவது கேட்டால், ‘சும்மா டப்பிங்குக்கு எழுதறேன்’ என்று இனிமேல் இழுக்க மாட்டேன். தமிழ் வசனம், மல்லிகா. டைட்டில் போட்டவள் கமலா.