ரேகை தேய்ந்த கைநாட்டு

மரபணு மாற்றிய விதைகளைக் கடுமையாகச் சோதிக்காமல் விற்கக் கூடாது என்று மனு எழுதி, மரக்காணம் உப்பளத்துப் பெண்களிடம் கைநாட்டு வாங்கினேன். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மனு வாங்கும் அதிகாரி தாளைத் தள்ளிவிட்டார்.

"ஒண்ணுலயும் ரேகையே இல்ல. எல்லாம் மைக்கறை. நீங்களே வச்சிட்டீங்களா?"

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. உப்புத் தண்ணீர் அரித்த விரலில் ரேகை எங்கே இருக்கும்?

அடுத்த திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு அந்தப் பெண்கள் வேலையை விட்டுவிட்டு என்னோடு வந்தார்கள். முன்னால் நின்றவர் இரண்டு கைகளையும் அதிகாரியின் மேசைமேல் விரித்தார்.

"ரேகை உப்புல தேஞ்சிடுச்சு சார். அதான் நேர்லயே வந்துட்டோம். எங்க புள்ளைங்க துன்றத சோதிச்சிட்டு விக்கச் சொல்லுங்க."

அதிகாரி மனுவில் முத்திரை குத்தினார். அத்தனை மைக்கறைகளுக்கும் கீழே, கடைசியில், என் படித்த கையெழுத்து இருந்தது. அந்த இடம் எனக்குப் பெருமை.