முப்பதடி ஒயரில் வந்த கடல்

போன ஞாயிற்றுக்கிழமை, சிதம்பரத்தில் என் தங்கை கலா வீட்டு மாடியில், மூன்று ஆண்கள் ஒரு ஒயரைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். பிரச்னை, இரைச்சல். ம்ம்ம்... என்று ஒன்று. உங்கள் வீட்டு ஸ்பீக்கரிலும் கேட்டிருப்பீர்கள். பாட்டு ஓடும்போது தெரியாது, நின்றால் தெரியும்.

கலாவுக்கு ஆறாவது மாதம். முன்னால் இரண்டு முறை தங்கவில்லை. இந்த முறை கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று டாக்டர் உத்தரவு. கீழறையில் படுத்தே கிடக்கிறாள். தூக்கம்தான் வரவில்லை. கண்ணை மூடினால் பழையதெல்லாம் வந்து நிற்கிறதாம்.

நாங்கள் கடலூர் தேவனாம்பட்டினத்துக்காரர்கள். அலைச் சத்தம் இல்லாமல் தூங்க அவள் பழகியதே கல்யாணத்துக்குப் பிறகுதான். "கொஞ்ச நேரம் கடல் சத்தம் கேட்டா போதும், தூங்கிடுவேன்" என்று பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறாள்.

அவள் கணவன் சரவணன் அதிகம் பேசாத ஆள். கல்லூரி லேபில் வேலை. பேசுவதெல்லாம் மெஷினோடுதான். மறுநாள் முதல் பஸ்ஸில் எங்கள் ஊருக்குப் போய், மணலில் ரெக்கார்டரை வைத்து, மூன்று மணி நேரக் கடலைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டான். மாடிக் கம்ப்யூட்டரிலிருந்து கீழறை ஸ்பீக்கருக்கு முப்பதடி ஒயர். ஆன் செய்தால்... கடலோடு சேர்ந்து ம்ம்ம்.

சினிமாப் பாட்டு என்றால் இரைச்சலை அமுக்கிவிடும். அலை அப்படியா? ஒன்று போய் இன்னொன்று வரும்வரை சும்மா இருக்குமே — அந்தச் சும்மாவில்தான் தூக்கம் இருக்கிறது. இதுவும் அங்கேயே வந்து உட்கார்ந்துகொண்டது.

"நம்மூரு கடல்ல எப்பண்ணே மோட்டார் கொட்டா போட்டாங்க?" என்றாள் கலா.

சரவணன் சென்னையிலிருந்து மூன்று முள் வைத்த ஒயரை வரவழைத்தான். பேலன்ஸ்டு ஒயராம். இரைச்சலே ஏறாதாம். அந்த முள் கம்ப்யூட்டரில் நுழையவில்லை. இரண்டு முனையிலும் சாதாரண அடாப்டரை மாட்டினான். ம்ம்ம்... அப்படியே இருந்தது.

எனக்குத் தெரிந்த பண்ருட்டி மைக் செட்காரர் ஏழுமலையை அழைத்துப் போனேன். திருவிழாப் பந்தலில் நூறடி ஒயர் இழுப்பவர். அடாப்டரைப் பார்த்ததும் சிரித்தார்.

"இன்னா சார், ஆட்டோவ வாங்கி ஒரு சக்கரத்த கழட்டிட்டு ஓட்றீங்க?"

"வேல செய்யும்னு நெனச்சேன்" என்றான் சரவணன், ஒயரைப் பார்த்து.

"ரெண்டு கம்பியிலயும் ஒரே சத்தம்தான் போவுது சார். ஒண்ணு நேரா, ஒண்ணு தலகீழா. மூணாவது சுத்தி நின்னு காவல் காக்குது. வழியில கரண்டு எரச்சல் ரெண்டுலயும் ஒரே மாரி ஏறும். அந்தப் பக்கம் போனதும் தலகீழா இருக்கிறத நிமித்துவாங்க. சத்தம் ரெண்டும் சேந்துக்கும். நிமித்தறப்ப அந்தக் கம்பி எரச்சல் தலகீழாயிடும், எரச்சல் ரெண்டும் எதிரும் புதிருமா மோதிக்கினு செத்துப்போவும். நீங்க அடாப்டர மாட்டி ஒரு கம்பிய ஊமையாக்கிட்டீங்க."

எவ்வளவு அழகான ஏற்பாடு! கண்டுபிடித்தவர் குடும்பஸ்தராகத்தான் இருக்க வேண்டும்.

ஏழுமலை அடாப்டர்களைக் கழற்றிப் போட்டார். மைக் செட்டில் ஒலி கலக்கும் தன் பழைய மிக்சர் பெட்டியைக் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் வைத்து, ஒரு குட்டி ஒயரால் இணைத்தார். அதில் மூன்று முள்ளுக்கு இடம் இருந்தது. கீழே ஸ்பீக்கரின் முதுகிலும் இருந்தது — இத்தனை நாளும் யாரும் திருப்பிப் பார்க்கவில்லை.

நான் கீழே போய்க் கலா பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"இன்னும் போடலியா?" என்றாள்.

ஸ்பீக்கரில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அப்புறம் மெதுவாக ஓர் அலை... கட்டில் காலை நனைத்துவிட்டுத் திரும்பியதைப் போல. பிறகு இன்னொன்று. சுவர்கள் தள்ளிப்போயின. தெருவில் ஒரு லாரி போனது. வேறு ஏதோ ஊரில் போவதாக இருந்தது.

இரண்டு அலைகளுக்கு நடுவே யாரோ தொண்டையைச் செருமும் சத்தம். கலா கண்ணைத் திறந்தாள். சரவணனின் குரல். ரெக்கார்டர் ஓடுவதை மறந்திருக்க வேண்டும்.

"தாயே... இந்த வாட்டியாவது கைவுட்றாத. புள்ள வராட்டியும் பரவால்ல... அவ அழுவாம இருக்கணும்."

அடுத்த அலை வந்து மூடிக்கொண்டது.

மாடியிலிருந்து சரவணன் கேட்டான்: "மச்சான், எரச்சல் போயிடுச்சா?"

"போயிடுச்சுன்னு மட்டும் சொல்லுண்ணே" என்றாள் கலா, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டே. "மத்தத சொல்லாத. அந்த எடத்த வெட்டிடுவாரு."

சொன்னேன். திரும்பிப் பார்த்தால், தூங்கியிருந்தாள்.

மாப்பிள்ளைக்குப் பத்திரிகை படிக்கிற வழக்கமில்லை. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.