கேஸ் காரில் கொடைக்கானல்: ஒரு பூண்டு மூட்டையும் ஒரு தீக்குச்சியும்

கேஸுக்கு மாற்றிய கார் கொடைக்கானல் மலை ஏறுமா என்று போன பதிவின் கீழே நாலைந்து பேர் கேட்டிருந்தீர்கள். ஏறும். எங்கள் கார் நன்றாகவே ஏறியது. இறங்கும்போது நடந்ததை எழுதுவதா வேண்டாமா என்றுதான் இரண்டு வாரம் யோசித்தேன். தப்பு முழுக்க என்னுடையது என்பதால் யோசனை நீண்டுவிட்டது.

எங்களுடையது பதினோரு வருடப் பழைய பெட்ரோல் கார். மதுரையிலிருந்து திருமங்கலத்துக்கு வேலைக்குத் தினமும் நான்தான் ஓட்டிப் போகிறேன். பெட்ரோல் கட்டுப்படியாகாமல் பிப்ரவரியில் கேஸுக்கு மாற்றினோம். 36,000 ரூபாய் ஆனது, ஆர்.சி. புத்தகத்திலும் ஏற்றியாயிற்று. சிலிண்டர் டிக்கியில் பாதி இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அதன் வாயில் ஒரு வால்வு, வால்வின் மேல் கையகலத்துக்கு ஒரு மூடி. எங்காவது கசிந்தால் கேஸ் காருக்குள் வராமல், அந்த மூடிக்குள்ளிருந்து ஒரு குழாய் வழியாக வண்டிக்கு அடியில் போய்விடும். "இந்த மூடிய மட்டும் கழட்டிராதீங்க மேடம்" என்று மெக்கானிக் இரண்டு தடவை சொன்னார். ஒரே விஷயத்தை யாராவது இரண்டு தடவை சொன்னால் எனக்கு எரிச்சல் வரும்.

மார்ச் முதல் சனிக்கிழமை காலை 5.40க்குக் கிளம்பினோம். நான், கணவர் சரவணன், எட்டு வயது மகள் இனியா. இ-பாஸ் முந்தின நாளே எடுத்துவிட்டோம். மதுரையிலேயே கேஸ் நிரப்பிக்கொண்டோம், லிட்டர் 62 ரூபாய். மேலே கேஸ் பங்க் இல்லை என்றுதான் விசாரித்த எல்லாரும் சொன்னார்கள். 7.05க்கு வத்தலக்குண்டில் இட்லி. மலைப்பாதையில் கேஸுக்கு இழுவை கொஞ்சம் மட்டுதான். பெட்ரோலில் மூன்றாவது கியரில் ஏறுகிற ஏற்றத்துக்கு இரண்டாவது கேட்டது. மற்றபடி ஒரு குறையும் இல்லை. 9.30க்கு ஊருக்குள் நுழைந்தபோது மீட்டரில் 118 கிலோமீட்டர்.

சரவணனுக்குத் தலைகால் புரியவில்லை. "எறங்கும்போது சாமிக்குச் சூடம் ஏத்திரணும் கலா" என்றார். பெருமாள்மலைக்குக் கீழே சாலையோரம் ஒரு சின்னக் கோயில் இருக்கிறது. வண்டி ஓட்டுகிறவர்கள் அங்கே நிறுத்தி, வண்டிக்கு முன்னால் தரையில் சூடம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். ஏறும்போது அவசரத்தில் தாண்டி வந்துவிட்டோம்.

அட்டுவம்பட்டியில் ரூம் 1,400 ரூபாய், சுடுதண்ணீர் உண்டு. ஏரி, சைக்கிள், வேகவைத்த சோளம் பற்றியெல்லாம் போதுமான பேர் எழுதிவிட்டார்கள், நான் விட்டுவிடுகிறேன். ஞாயிறு காலை வில்பட்டிக்குப் போய் ஒரு தோட்டக்காரரிடம் பதினைந்து கிலோ மலைப்பூண்டு வாங்கினோம். தாளோடு காயவைத்த நல்ல பூண்டு. மூட்டை டிக்கிக்குள் போகவில்லை. அந்த மூடி இடித்தது. சரவணன், "பின் சீட்ல வச்சுக்கலாமே" என்றார். இனியா படுக்க இடம் வேண்டாமா என்று சொல்லி, திருகைக் கழற்றி மூடியை எடுத்துப் பைக்குள் போட்டேன். மூட்டையை முழங்காலால் அழுத்தித் தள்ளி டிக்கியைச் சாத்தினேன். எனக்கே என் சாமர்த்தியத்தில் ஒரு திருப்தி.

10.20க்கு இறங்க ஆரம்பித்தோம். நல்ல மூடுபனி. குளிருக்குக் கண்ணாடி நாலையும் ஏற்றியிருந்தோம். வெள்ளி நீர்வீழ்ச்சிப் பக்கம் வரும்போது இனியா, "அம்மா, நாறுது" என்றாள். பூண்டு என்றேன், சரவணனும் தலையாட்டினார். இரண்டு வளைவு கழித்து மறுபடியும் சொன்னாள். பூண்டு வாங்கினால் பூண்டு வாசம்தான் வரும் என்றேன். சமையலறையில் அடுப்பு லேசாகக் கசிந்தாலும் ஹாலிலிருந்தே கண்டுபிடிக்கிற மூக்கு என்னுடையது. அன்றைக்கு அந்த மூக்குக்கும் சேர்த்து நானே பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்றாவது தடவை, "தலை வலிக்குதும்மா, ரொம்ப நாறுது" என்றாள். "வாய மூடிட்டுப் படு. இன்னொரு தடவ சொன்னா நடந்து வா" என்று கத்திவிட்டேன். அதற்குப் பிறகு அவள் பேசவே இல்லை. பின் சீட்டில் சுருண்டு படுத்துக்கொண்டாள்.

10.55க்குக் கோயில் வந்தது. இறக்கத்தைப் பார்த்தபடி வண்டியை நிறுத்தினேன். சரவணன் எலுமிச்சம்பழமும் சூடமும் எடுத்துக்கொண்டு பம்பருக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்த ஒரு அம்மா என்னிடம் வந்தார். ஐம்பது வயது இருக்கும்.

"பண்ணைக்காடு பிரிவுல எறக்கி விட்டுருவீங்களா? மக வீட்டுல ஒரு சோலி கெடக்கு."

"ஏறுங்கக்கா."

பின்கதவைத் திறந்தவர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"என்னம்மா இப்புடி நாறுது?"

"வில்பட்டிப் பூண்டுக்கா. பதினஞ்சு கிலோ."

"நானே வில்பட்டிக்காரிதான். காஞ்ச பூண்டு நசுக்காம இப்புடி நாறாதும்மா. இது அடுப்பு கேஸு!"

முன்னால் தீப்பெட்டி உரசுகிற சத்தம் கேட்டது. முதல் குச்சி ஈரத்தில் பற்றவில்லை. சரவணன் இரண்டாவது குச்சியை எடுத்திருந்தார்.

"தம்பி! கிழிக்காதீங்க! குச்சிய கீழ போடுங்க!" அந்த அம்மா போட்ட சத்தத்தில் சரவணன் தீப்பெட்டியோடு எழுந்து பின்வாங்கினார். "ஏம்மா நிக்கிற? வெரசா புள்ளையத் தூக்கு!"

தூக்கினேன். இனியாவின் தலை என் தோளில் துவண்டு விழுந்தது. அந்த இருபது அடியை எப்படி ஓடினேன் என்று தெரியவில்லை. கோயில் படியில் உட்காரவைத்ததும் வாந்தி எடுத்தாள், அப்புறம் கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டாள். அவள் தண்ணீர் கேட்டதைப் போல ஒரு நல்ல சத்தத்தை நான் கேட்டதில்லை.

அவளை அந்த அம்மாவிடம் விட்டுவிட்டு, சரவணன் சாலையில் வண்டிகளை ஒதுங்கிப் போகச் சொல்ல, நான் போய் டிக்கியைத் திறந்தேன். மூட்டை வால்வின் மேலேயே சாய்ந்து கிடந்தது. அதை இழுத்துப் போட்டுவிட்டு வால்வின் திருகை மூடினேன். எந்தப் பக்கம் திருகுவது என்றே குழம்பிப்போனேன். தள்ளிப் போய் நின்று மெக்கானிக்குக்கு போன் செய்தேன். ஒவ்வொரு வளைவிலும் மூட்டை அழுத்தி அழுத்தி, வால்வோடு இணைத்த செம்புக் குழாயின் நட் இளகியிருக்கும் என்றார். கேஸ் காற்றைவிடக் கனம், இறக்கத்தில் முன்பக்கம்தான் வழியும் என்றும் சொன்னார். சூடம் வைத்திருந்த பக்கம். மூடியைப் பற்றி மூன்றாவது தடவையாகச் சொன்னார். எரிச்சல் வரவில்லை.

அந்த அம்மா பெயர் பேச்சியம்மா. நான் கையைப் பிடித்து அழுததும், "வண்டியில ஏறச் சொல்லாத, நான் பஸ்லயே போய்க்கிறேன்" என்று சிரித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் போய்விட்டார்.

கதவு, டிக்கி எல்லாம் திறந்துபோட்டு ஒரு மணி நேரம் காத்திருந்து, 12.15க்குச் சுவிட்சைப் பெட்ரோலுக்கு மாற்றிக் கிளம்பினோம். கேஸ் கார் வைத்திருக்கிற பலரும் பெட்ரோல் டேங்கைக் காயப் போடுவார்கள். எங்களிடம் ஆறு லிட்டர் இருந்தது, பிழைத்தோம். நீங்கள் மலைக்குப் போனால் குறைந்தது பத்து லிட்டராவது போட்டுக்கொள்ளுங்கள். சிலிண்டர் பக்கம் ஒரு துண்டுகூட வைக்காதீர்கள். வால்வை எப்படி மூடுவது என்று வீட்டு வாசலிலேயே நாலு தடவை மூடிப் பழகுங்கள். கிளம்புமுன் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள், கசிந்தால் நுரை கொப்பளிக்கும். வாசம் வந்தால் காரணம் தேடாதீர்கள், நிறுத்தி இறங்குங்கள்.

பூண்டு மூட்டையைச் சரவணன் முன் சீட்டில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். மதுரை வரை அது நாறவே இல்லை.

வத்தலக்குண்டு தாண்டும்போது பின்னாலிருந்து இனியா மெதுவாகக் கேட்டாள்:

"அம்மா, இப்ப நாறல. இதச் சொல்லலாமா?"

வண்டியை ஓரம் கட்டினேன்.