மீதி பெரிதாக இருந்தால்

வள்ளியம்மாள் என் அலுவலக வாசலில் வந்து நின்றபோது, தண்ணீர்ச் சண்டை என்றுதான் நினைத்தேன். "மரகதம் டீச்சர் போயிட்டாங்க சார்" என்றாள். டீச்சர் குடியிருந்த ஜனக்புரிக்காரர்கள் எனக்குச் சொல்வதற்குள் தமிழர் குடிசைகளான மதராசி கேம்புக்குச் செய்தி எட்டியிருந்தது. அதுதான் நியாயமும்.

ஞாயிறு பிற்பகல்களில் கேம்ப் பெண்களுக்கு அவர் கணக்கும் நான் எழுத்தும் சொல்லிக்கொடுத்தது இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களில் பலருக்குத் தெரியும். இரண்டு பஸ் மாறி வருவார். வந்ததும் என்னைச் சீண்டுவார்: "இன்னிக்கு யார்மேல கோபம், தம்பி?"

வகுத்தலில் பெண்கள் எல்லோரும் ஒரே தவறைச் செய்தார்கள். ஈவைக் குறைத்துப் போட்டு நிறுத்திவிடுவார்கள்; வகுக்கும் எண்ணைவிட மீதி பெரிதாக நிற்கும். டீச்சர் அடிக்கமாட்டார். "தப்பில்ல, பாதியில நின்னுட்டே. மீதி பெரிசா இருந்தா இன்னொரு சுத்து போகும்" என்பார்.

ஒரு மே மாதம், வகுப்பின் நடுவே டேங்கர் வந்தது. அதில் இருநூறு வாளித் தண்ணீர் என்பது கேம்பில் எல்லோரும் அறிந்தது. வீடுகள் அறுபது. கேம்பின் தலைவனான பிரதான், வீட்டுக்கு இரண்டு வாளி வீதம் கொடுத்துவிட்டுக் குழாயை மூடினான். மிச்சம் வழக்கம்போல அவன் சொந்தக்காரர்களின் டிரம்களுக்கு. பங்களாப் புல்லுக்குக் குழாய்த் தண்ணீர் பாயும் இந்த டில்லியில், சாக்கடையோரத்து வள்ளியம்மாள் அந்த இரண்டு வாளியில் ஐந்து பேரைக் காப்பாற்ற வேண்டும். அடுத்த டேங்கர் எப்போது என்று யாருக்கும் தெரியாது.

நான் அவன் சட்டையைப் பிடிக்கப் போனேன். டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார். முன்னால் போனவள் வள்ளியம்மாள்.

"பிரதான்ஜி, மீதி எண்பது. வீடு அறுபது. கணக்கு இன்னும் முடியல."

"அச்சா, கலெக்டரம்மா வந்துட்டாங்க" என்று சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை; குடங்களோடு நின்ற பெண்கள் நகரவுமில்லை. குழாய் திறந்தது. வீட்டுக்கு மூன்றாவது வாளி போயிற்று.

இன்னும் இருபது வாளி இருந்தது. இதை எப்படிப் பங்கு போடுவீர்கள் என்று டீச்சரிடம் நக்கலாகக் கேட்டான். கடைசி வரிசையிலிருந்து இருபது வீட்டுக்குக் கொடுக்கச் சொன்னார். அடுத்த டேங்கரின் மீதி இருபத்தோராவது வீட்டில் தொடங்கட்டும் என்றார். பிரதான் வீட்டை விட்டுவிடலாம் என்றேன். "அறுபதுல அவனும் ஒண்ணு, தம்பி" என்றார்.

செய்தி சொல்ல வந்து நின்ற வள்ளியம்மாளிடம், இன்று டேங்கர் வந்ததா என்று கேட்டேன். வந்ததாம். மீதி வாளிகளில் அன்று பிரதான் வீட்டு முறையாம். "குடுத்தோம் சார்" என்றாள்.

என் கோபம் குறையவில்லை, குறைய வேண்டியதுமில்லை. ஆனால் யாராவது இவ்வளவுதான் என்று சொல்லிக் குழாயை மூடும்போது, முதலில் மீதியைப் பார்க்கிறேன். டீச்சரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அது.